லூர்தம்மாள் படித்த சீட்டு

“சீட்டுப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றனுங்க” என்று சவரி சொன்னதும் டாக்டர் முகம் சுளித்தார்.

“சீட்டா? இது கவர்மெண்ட் ஆஸ்பத்திரிப்பா. ஏலச்சீட்டு எடுத்துப் பணம் கட்டணும்னு எவன் சொன்னான் உனக்கு?”

“அந்தச் சீட்டு இல்லைங்க. திருவுளச்சீட்டுங்க. எழுதி அந்தோணியார் பாதத்துல வச்சு, வேண்டிக்கிட்டு எடுக்கறதுங்க. ஆண்டவரு சித்தம் எதுவோ அதுதானுங்க வரும்.”

டாக்டர் சின்ன வயசுக்காரர். காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற நர்சம்மாவைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த பெண்பிள்ளையைப் பார்த்தார், பிறகு சவரியிடம் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார்.

“இதோ பாருப்பா. உன் மக காலு செத்துப்போச்சு. செத்த காலை உடம்போட வச்சிருந்தா உடம்பும் சாவும். வெட்டி எடுத்தா உயிர் மிஞ்சும். முழங்காலுக்குக் கீழயே நிறுத்தப் பாக்கறேன், சத்தியம் பண்ண மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள நீ கைநாட்டு வைக்கலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடு.”

“சாயங்காலத்துக்குள்ள வந்துடறனுங்க” என்று சவரி கும்பிட்டான்.

அவன் பெண்டாட்டி லூர்தம்மாள் நர்சம்மா பின்னாலேயே நாலு எட்டு ஓடி, “நான் வைக்கறேங்க, எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும்” என்றாள். “அப்பன் கல்லாட்டம் எதிர்ல நிக்கறப்ப உன் கையெழுத்தை எப்புடிம்மா வாங்கறது? நாளைக்கு அந்தாளு வந்து சண்டைக்கு நின்னா?” என்று கேட்டுவிட்டு நர்சம்மா போய்விட்டாள். எண்பத்தி நாலாம் வருஷம் அப்படித்தான் இருந்தது. பத்து மாசம் சுமந்தவளுக்குப் பிள்ளையின் காலைப் பற்றிச் சொல்ல வாய் கிடையாது.

கட்டிலில் கிடந்தது புஷ்பமேரி. பத்து வயசு. காய்ச்சலில் கண் செருகி, இல்லாத ஆட்டுக்குட்டியை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கால் விரலிலிருந்து கெண்டைக்கால் வரை அடுப்புக்கரி நிறம். அதிலிருந்து வந்த வாடைக்கு அந்த வார்டில் பாதிப் பேர் முந்தானையால் மூக்கை மூடியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தீக்காயம் பட்ட நாத்தனாருக்குத் துணையாக வந்திருந்த கண்ணம்மாள் மட்டும் மூடவில்லை. காரிமங்கலத்துப் பக்கத்துக்காரி, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

“ஏனுங்க அண்ணா, உங்க சாமி இன்னும் எப்புடிங்க சொல்லணும்? காலு கறுத்து நாறுது. இதைவிடவா சீட்டுல எழுதிக் காட்டுவாரு?”

சவரிக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு எதற்குமே கோபம் வராது, அதுதான் லூர்தம்மாளின் தலையெழுத்து. “அது நம்ம கண்ணுக்குத் தெரியறதும்மா. அவரு மனசுல இருக்கறது வேறயா இருக்கலாம் இல்ல?” என்றான்.

“நல்லா இருக்குது போங்க நாயம்!” என்றாள் கண்ணம்மாள். லூர்தம்மாள் பக்கம் திரும்பி, “நீ போயிட்டு வாக்கா. புள்ளைய நான் பாத்துக்கறேன். சீக்கிரம் வந்துடு” என்று குரலைத் தாழ்த்தினாள்.

சவரியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது! குடி கிடையாது, சூது கிடையாது, பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்தது கிடையாது. கடத்தூருக்குத் தெற்கே மூன்று மைலில் இருபது வேதக்காரக் குடும்பம் இருக்கிற ஊர் அது. அங்கே அவனுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி. ஆனால் ஒரு காரியத்தைத் தானாக முடிவு செய் என்றால் மட்டும் ஆளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அவன் அப்பன் சாகும்போது, “உன் இஷ்டத்துக்கு நடக்காதடா, ஆண்டவர் இஷ்டத்துக்கு நட” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மகன் அதை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டான். விதைக்கடலையை ஆடி ஏழில் போடுவதா பதினாலில் போடுவதா, சீட்டு. சிவலைக் கன்றைச் சந்தைக்கு ஓட்டுவதா வேண்டாமா, சீட்டு. லூர்தம்மாளைக் கட்டினதே சீட்டில்தான். கம்பைநல்லூர்ப் பெண் ஒருத்தி பேரையும் இவள் பேரையும் எழுதிப் போட்டதில் இவள் பேர் வந்ததாம். கல்யாணமான மூன்றாம் நாள் அவனே வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். அன்றைக்கு இவள் சோறு தின்னவில்லை.

இதில் ஒரு சங்கதி. சவரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் கோயில் உபதேசியார் சீட்டு எழுதிக் கொடுப்பார். லூர்தம்மாள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். வீட்டுக்கு வந்த பிறகு எழுதுவதும் அவள், எடுத்ததைப் பிரித்துப் படிப்பதும் அவள். பச்சைக் குழந்தை கையால் எடுத்தால் விசேஷம் என்று, புஷ்பமேரி தவழ ஆரம்பித்ததிலிருந்து அவள்தான் எடுப்பாள். எடுத்த சீட்டை அம்மாவிடம் நீட்டுவாள். அம்மா படிப்பாள். அப்பன் கண்ணை மூடி, “ஆவட்டும் ஆண்டவரே” என்பான்.

முதல் வருஷம் நேர்மையாகத்தான் படித்தாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விடலாமா என்று சவரி கேட்டபோது ‘போ’ என்று வந்தது. வயிற்றில் பிள்ளையோடு ஆள் தெரியாத ஊரில் போய்க் குடிசை போடுவதை நினைத்தாள். ‘இரு’ என்று படித்தாள். வானம் இடிந்து விழவில்லை. சவரி நிம்மதியாகத் தூங்கினான். அதற்குப் பிறகு அவளுக்குக் குளிர்விட்டுப்போனது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று வந்ததை வேணும் என்று படித்தாள். மாமியாரை நாத்தனார் வீட்டிலிருந்து அழைத்து வருவதா என்று அவன் மூன்று வருஷத்தில் மூன்று தரம் கேட்டான். அந்தோணியாருக்கு அந்தக் கிழவிமேல் என்ன வருத்தமோ, மூன்று தரமும் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எல்லாமே பொய் என்று சொல்ல முடியாது. பத்துக்கு நாலு தரம் சாமியும் அவளும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் இதை அவள் ஒரு தரமும் சொன்னதில்லை. கோபப்பட்டேன், பொறணி பேசினேன் என்று சொல்வாள். இதைச் சொல்ல வாய் வராது. பொய்யாக இருந்தாலும் குடும்பம் நடக்கிறதே, அந்த மனுஷனுக்கு என்ன குறை வைத்தேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வாள்.

மாதா கோயில், ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்தான். நல்ல வெயில். சவரி முன்னால் போனான், அவள் பின்னால். நர்சம்மாவிடம் கேட்டு வாங்கிய பென்சில் கட்டையும் மருந்து மடித்துக் கொடுத்த காகிதமும் கையில் இருந்தன. நடக்க நடக்க அவளுக்கு ஒரே நினைப்புதான். போன வியாழக்கிழமை.

மழை பெய்து நின்ற மறுநாள் அது. கடலை பிடுங்குகிற சமயம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், காய்ந்தால் கொடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் நின்றுவிடும். நாலு பெண்களைப் பேசி வைத்திருந்தாள். கொடி ஏற்றின வண்டி உச்சியில் உட்கார்ந்து வந்த புஷ்பமேரி, சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது உருண்டு கீழே வந்தாள். கால் எலும்பு முறிந்துவிட்டது. பிள்ளை கத்துகிறாள், சவரி கையைப் பிசைகிறான். “தருமபுரி ஆஸ்பத்திரிக்கா, கட்டுப் போடறவருகிட்டயா? எழுது புள்ள” என்கிறான். எழுதினாள். அழுதுகொண்டே புஷ்பமேரிதான் எடுத்தாள். பிரித்தால், ஆஸ்பத்திரி.

லூர்தம்மாள் வயலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்றால் குறைந்தது நாலு நாள். கட்டுக்காரர் கிருஷ்ணப்பன் வீடு கூப்பிடு தூரம். ஊரில் எத்தனை கை கால் அவர் கட்டி ஒட்டியிருக்கிறது! “கட்டுன்னு வந்திருக்குதுங்க” என்றாள். நாக்குக் கூசவே இல்லை. பழகின நாக்கு.

முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, அவர் இறுக்கிக் கட்டினார். எட்டு நாள் அவிழ்க்கக் கூடாது என்றார். இரண்டு நாள் பிள்ளை வலி தாங்காமல் கதறினாள். மூன்றாம் நாள் கதறல் நின்றது. “பாரு, சேர ஆரம்பிச்சிடுச்சு” என்று இவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அட பாவி மக்களே! கால் செத்ததால் வலி நின்றது என்று யாருக்குத் தெரிந்தது? கடலை மொத்தமும் களத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் வாடை வந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்த சவரி வாசலில் போய் வாந்தி எடுத்தான்.

சாமி ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார். அவள் மறைத்துவிட்டாள். இதை அவளைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. வாடை வந்த நேரத்திலிருந்து இது நெஞ்சுக்குழியில் கல்லாக உட்கார்ந்து, கஞ்சி இறங்கவிடாமல் செய்தது. என் பிள்ளை காலை நானே கொன்றேன் என்று உள்ளே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் ஆள் இல்லை. பக்கவாட்டில் அந்தோணியார் சுரூபம், கையில் பாலகனோடு. சவரி முழங்காலில் நின்று, “எழுது” என்றான். தரையில் காகிதத்தை வைத்து எழுதினாள். ஒன்றில் ‘வெட்டலாம்’. இன்னொன்றில் ‘வேண்டாம்’ என்று எழுத வேண்டும். இரண்டிலும் வெட்டலாம் என்றே எழுதிவிடேன் என்று மனசு கெஞ்சியது. யார் பார்க்கப்போகிறார்கள்? பென்சில் அந்த இரண்டாவது துண்டுமேல் ரொம்ப நேரம் நின்றது. முடியவில்லை. போன தரம் ஏமாற்றியதற்குத்தான் கால் போனது. இந்தத் தரமும் ஏமாற்றினால் உயிரைக் கேட்பார் என்று பயந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தரமாக அவள் நிஜமாகவே வேண்டிக்கொண்டாள். அந்தோணியாரே, நீரே சொல்லும், நான் குறுக்கே வரமாட்டேன், என்ன வந்தாலும் அதையே படிக்கிறேன். வெட்டச் சொல்லிவிடும் ஐயா, வெட்டச் சொல்லிவிடும்.

சீட்டுகளைச் சுருட்டிச் சுரூபத்தின் பாதத்தில் வைத்தார்கள். ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம். எடுக்கப் பிள்ளை இல்லை. சவரி கண்ணை மூடிக்கொண்டு தானே ஒன்றை எடுத்து, திரும்பிப் பார்க்காமல் அவளிடம் நீட்டினான்.

பிரித்தாள். முழுசாகப் பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முதல் எழுத்தின் கொம்பு தெரிந்தது. மேலே சுழித்த இரட்டைக் கொம்பு. ‘வே’.

“என்ன வந்திருக்குது?”

அவள் சீட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“லூர்து, என்ன வந்திருக்குதுன்னு கேக்கறேன்.”

வெட்டலாம் என்று சொல்லிவிடலாம். நுனிநாக்கில் நிற்கிறது. சொன்னால் இவன் ஓடிப்போய்க் கைநாட்டு வைப்பான். ஆனால் சாமி வேண்டாம் என்ற பிறகு கத்தி வைத்தால் மேசையிலேயே பிள்ளை போய்விடுவாளோ? உள்ளதைச் சொன்னால் இவன் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான், நாலு நாளில் குழி வெட்டுவான், “ஆவட்டும் ஆண்டவரே” என்பான். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் புஷ்பமேரி செத்தாள். லூர்தம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னால படிக்க முடியாதுங்க! இனிமே என்னால எதையும் படிக்க முடியாது. நான் படிச்சதெல்லாம் பொய்யிங்க. அன்னைக்குப் புள்ள எடுத்துக் குடுத்தாளே, அதுல ஆஸ்பத்திரின்னுதான் இருந்துச்சு. கடலை நின்னுபோயிடுமேன்னு நான்தான் கட்டுன்னு சொன்னேன். பாவி நான்தான் சொன்னேன்.”

சவரி திரும்பினான். அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து பொய் சொல்லும் என்று எங்கே தெரியும்?

“ஆஸ்பத்திரின்னு வந்துச்சா?”

“ஆமாங்க.”

“வேற எதெல்லாம்?”

“பாதிக்கு மேல.”

“எங்கம்மாவ...”

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். கிழவி போன தையில் நாத்தனார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் செத்தது. மகன் வருவான், கூட்டிப்போவான் என்று கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்ததாகச் சொன்னார்கள். சவரிக்கு அது தெரியும். சாமி சித்தம் என்று நினைத்து அழாமல் இருந்தான். இப்போது அழுதான். கையை ஓங்கிக்கொண்டு வந்தான், லூர்தம்மாள் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஓங்கிய கை கீழே வந்தது. எதிரே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

மேலே பன்னிரண்டு மணி ஜெபத்து மணி அடித்தது. வயலில் இருந்தால்கூட அந்த மணிக்கு எழுந்து நிற்கிறவர்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்கு என்ன வந்திருக்குது? நெசத்தைச் சொல்லு.”

“வேண்டாம்னு.”

அவள் கையிலிருந்து சீட்டை வாங்கி அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான். பிறகு சுரூபத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தான். உதடு அசைந்தது. அவன் என்ன கேட்டானோ, அங்கிருந்து பதில் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. போச்சு, இனிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் என்று லூர்தம்மாள் நினைத்தாள். இவன் காலில் விழுவதா, ஆஸ்பத்திரிக்கு ஓடி டாக்டர் காலில் விழுவதா என்று நினைத்தாள்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரின்னு வந்தது சத்தியம்தான?” என்றான் சவரி.

“புள்ள மேல சத்தியமுங்க.”

“அப்ப அவரு சொல்லிட்டாரு. வியாழக்கெழமையே சொல்லிட்டாரு.” குரல் அவனுக்கே கேட்காத மாதிரி இருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போன்னா என்ன அர்த்தம்? அங்க இருக்கறவரு சொல்றதைக் கேளுன்னுதான? வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வான்னா சொன்னாரு?”

“அப்ப இந்தச் சீட்டு?”

“இது நான் கேட்டது. சொன்னதைச் செய்யாம மறுபடி மறுபடி போயி நின்னா அது வேண்டுதல் இல்ல புள்ள. சந்தையில மாட்டுக்குப் பேரம் பேசற மாதிரி.” எழுந்து நின்றான்.  “நான் சொல்றது சரியா தப்பா எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல. தப்பா இருந்தா அவரு என்னையக் கேட்டுக்கட்டும். புள்ளைய ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

சொல்லிவிட்டு அவன் ஓடினான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினான். லூர்தம்மாள் அவன் பின்னால் ஓடினாள். அந்த நடுமத்தியானத்தில் தார்ரோட்டில் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி ஓடியதைக் கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

டாக்டர் வேறு ஒரு ஆபரேஷனில் இருந்தார். கைநாட்டு வைக்க வேண்டிய காகிதத்தை நர்சம்மா நீட்டினாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சவரி கேட்கவில்லை, படித்துக் காட்ட லூர்தம்மாளும் முன்வரவில்லை. மையில் விரலைத் தோய்த்து அழுத்தி வைத்தான். அழுத்தின அழுத்தில் காகிதம் கசங்கியது. “மெதுவா வைய்யா” என்று நர்சம்மா அதட்டினாள்.

மூன்று மணிக்குமேல் புஷ்பமேரியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சவரி அவளைப் பார்க்கவில்லை. கண்ணம்மாள் டீ வாங்கி வந்து இருவர் பக்கத்திலும் வைத்தாள், ஒன்றும் கேட்காமல் போனாள். டீ ஆறி ஆடை கட்டியது. ஜெபம் சொல்ல லூர்தம்மாளுக்குப் பயமாக இருந்தது. எந்த வாயால் சொல்வது? அந்த வாயைத்தான் அவளே கெடுத்து வைத்திருந்தாளே. காப்பாத்து, காப்பாத்து என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்றுகூடச் சொல்லவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு டாக்டர் வந்தார். உயிருக்குப் பயமில்லை என்றார். முழங்காலைக் காப்பாற்ற முடியவில்லை, அதற்கு மேலேதான் வெட்ட வேண்டி வந்தது என்றார். காலையில் அவர் கேட்ட உடனே கைநாட்டு வைத்திருந்தால் முழங்கால் தப்பியிருக்குமா என்று லூர்தம்மாள் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். அதைத் தெரிந்துகொண்டு உயிரோடு இருக்க அவளால் முடியாது. சவரி மட்டும் டாக்டர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை வார்டில் வெயில் விழுந்து, கஞ்சி ஊற்றுகிறவன் வாளியோடு போன பிறகு, புஷ்பமேரி நன்றாகக் கண் விழித்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தாள். இடது கால் கட்டைவிரல் அரிக்கிறது, சொறிந்துவிடு என்றாள். லூர்தம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பிள்ளை தானே எக்கிக் கையை நீட்டினாள். போர்வைக்கு மேலே தடவினாள், இன்னும் கீழே தடவினாள். கை வெறும் மெத்தையில் பட்டது.

“அம்மா, என் காலு எங்கம்மா?”

 பிள்ளை போர்வையை இழுத்து வீசினாள். பார்த்தாள். அந்த வார்டு முழுக்க எழுந்து உட்காரும்படி ஒரு கத்துக் கத்தினாள். கண்ணம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். பிள்ளை அவளை உதறினாள்.

“யாரு வெட்டச் சொன்னது? யாரு? சாமியா சொன்னாரு? சீட்டு யாரு எடுத்தா? நான்தான எடுப்பேன், என்னைய எதுக்கு எடுக்க விடல?”

லூர்தம்மாளுக்குத் தெரியும் இவன் என்ன சொல்வான் என்று. சாமி சித்தம் கண்ணு என்பான். இந்தப் பிள்ளை அந்த வயசிலேயே சாமியை வெறுத்துவிடும். இல்லை, உங்கம்மாவைக் கேள் என்பான். சொல்லட்டும். சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன் என்று அவள் வாயைத் திறந்தாள். “கண்ணு, அம்மாதான்...”

“நான்தான்” என்றான் சவரி.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை லூர்தம்மாள் கேட்டதில்லை. விதை போட்டதற்கும் கன்றை விற்றதற்கும் அவளைக் கட்டிக்கொண்டதற்கும்கூட அவன் நான் என்று சொன்னதில்லை.

“நான்தான் கண்ணு வெட்டச் சொன்னேன். கைநாட்டு வச்சது நானு. வேற யாரும் சொல்லல.”

புஷ்பமேரி அவனைப் பார்த்தாள். நம்பாதவள் மாதிரி பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் வயிற்றில், மார்பில், எட்டின இடத்தில் எல்லாம் அடிக்க ஆரம்பித்தாள். “போ, போப்பா, நீ போ!” என்று தொண்டை கட்டும் வரை கத்தினாள். கண்ணம்மாள் தடுக்க வந்தபோது அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். பிள்ளைக்கு எட்ட வசதியாக இன்னும் கொஞ்சம் குனிந்து நின்றான்.